கருத்துச் சொல்ல இவன் யார்?

காஞ்சியை அடுத்துள்ள ஏனாத்தூரிலே பல்கலைக் கழகம் ஒன்று இருக்கிறது. காஞ்சி மடத்துப் பெரியவர் ஒருவரின் பெயரைத் தாங்கி, 1993 முதல் நிகர்நிலைத் தகுதியோடு நடந்து வருகிறது. அங்கே பட்டம் பெற்ற ஒருவர் மேடையேறி, நேற்று வந்த தீர்ப்பைப் பற்றியோ, புதிதாக வந்த நூலைப் பற்றியோ, ஒரு பாடகரின் கச்சேரியைப் பற்றியோ பேசினால் அதற்குப் பெயர் கருத்துரை. அதே சாலையோரத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சிலே அமர்ந்து, நெசவாளத் தோழர் ஒருவர் அதே தீர்ப்பையும் அதே நூலையும் அதே பாட்டையும் பற்றி நாலு வார்த்தை பேசினால், அதற்குப் பெயர் வெட்டிப் பேச்சு! ஊர் வம்பு! வேலையற்றவன் அரட்டை! இப்படிப் பெயர் சூட்டும் உரிமையை இவர்களுக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

"இவனுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள் மேதாவிகள். என்ன தெரியும் என்றுதான் பார்ப்போமே!

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள். பிறகு அது 11 ஆகச் சுருங்கிற்று. விசைத்தறி முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1993-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வழக்கறிஞரைக் கேட்டால் இவ்வளவும் சொல்வார். நெசவாளரைக் கேளுங்கள், இதற்கு மேலும் சொல்வார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கு இரு நாடா என மூன்று நாடா ஓட்டி, பக்கத்திலே துணைக்கு ஓர் ஆளை வைத்து, கரையையும் உடலையும் கோர்வை போட்டு நெய்யும் சேலை எது, விசைத்தறியில் ஓட்டிவிட்டு "காஞ்சிபுரம் பட்டு" என்று கூசாமல் விற்கும் சேலை எது என்பதை, கடை வெளிச்சத்திலே விரலால் தடவியே சொல்லிவிடுவார். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-இல் வந்துவிட்டது. குறியீடு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனாலும் போலி விற்கிறது! சட்டத்தில் ஓட்டை எங்கே என்பது தறிக் குழியிலே கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அவர் சொன்னால் அரட்டையாம்!

இசைக்கும் இதுவே கதை. தமிழிலே பாடினால் கச்சேரி களைகட்டாது என்று சொன்ன காலம் உண்டு. 1943-இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தபோது முகம் சுளித்த வித்துவான்கள் எத்தனை பேர்! சீட்டு வாங்கி உள்ளே போகாதவன் இசையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பார்கள். கருட சேவைக் கூட்டத்தில் நெருக்குண்டு நின்றபடி ஆண்டாண்டாக நாதசுரம் கேட்டவன் காதும் காதுதான் ஐயா!

நூலைப் பற்றிச் சொல்வோம். இங்கே நம் தோழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

காஞ்சியிலே நெசவாளர் குடியில் பிறந்தவர் அண்ணா. 1942-இல் இதே காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' ஏட்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1943-இல், கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றித் தம் கருத்தைச் சொன்னார். கடுமையான கருத்துத்தான், நாடே கொதித்த கருத்துத்தான். ஆனால் எப்படிச் சொன்னார்? சென்னைச் சட்டக் கல்லூரியிலே ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்று சொன்னார்! அவர்களோ தமிழைக் கரைத்துக் குடித்த பெரும் புலவர்கள். அவர்கள் பேசினார்கள், இவர் கேட்டார். இவர் பேசினார், அவர்கள் கேட்டார்கள். எதிர்ப்பதற்காகவே அந்நூல்களைப் படித்துத் தேர்ந்துவிட்டு வந்தார் அண்ணா. போலீஸ் நிலையத்தை நாடினாரா? ஆள்வோர் காலிலே விழுந்து தடை கேட்டாரா? இல்லை. தடை என்பது அவரைத் தேடித்தான் வந்தது: 'ஆரிய மாயை' நூலுக்காக 1950-இல் தண்டனை பெற்றார்.

பிறகு வந்த வரலாறு நீண்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் கண்டு மிரண்டு, 1954-இல் நாடகச் சட்டம் கொண்டு வந்தார்கள்; எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கிலே 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பெரியாரின் இராமாயண நூல் இந்தியிலே வெளிவந்தபோது உத்தரப் பிரதேச சர்க்கார் 1969-இல் பறிமுதல் செய்தது. 1976-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பறிமுதல் ஆணைக்கு உயிரில்லை என்றது. எழுபது ஆண்டில் சட்டம் மெல்ல மெல்லத் தேநீர்க் கடைப் பெஞ்சின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

ஆனால் நகர்ந்த சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும் கைகளும் ஓயவில்லை. 2012-இல் புதுச்சேரிச் சிறு வணிகர் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றித் தொலைபேசியில் தட்டி வெளியிட்டது ஒரு வரி. அதைப் படிக்கும் வட்டம் மொத்தம் பதினாறே பேர். விடிவதற்குள் கைது! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24-இல் உச்சநீதிமன்றம் அடியோடு நீக்கியது. நீக்கிய பிறகும் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அறிந்து, 2021-இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. செத்த சட்டம் கையை நீட்டிப் பிடிக்கும் நாடு இது! டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவனை 2015 அக்டோபரில் தேசத் துரோகி என்று பிடித்தார்கள். சாராயக் கடையை மூடச் சொன்னால் தேசம் கவிழ்ந்துவிடுமாம்.

இதையெல்லாம் படித்துக் கைதட்டும் தோழர்களுக்கு ஒரு கசப்பு மருந்தும் தர வேண்டியிருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நாலாண்டு வரை ஒரு முணுமுணுப்பும் இல்லை. 2014 இறுதியிலே திருச்செங்கோட்டில் சாதியின் பேராலும் மதத்தின் பேராலும் கிளம்பினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்கு 2015 சனவரியில் ஓர் ஆசிரியரைத் தள்ளினார்கள். பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடட்டும் என்ற கருத்துப்பட 2016-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது. நாம் அன்று அந்தக் கூட்டத்தைக் கண்டித்தோம். சரி. நம் தலைவர்களைப் பற்றி எவனோ ஒருவன் நையாண்டி எழுதினால், மறுநாள் காலையிலேயே மனுவும் கையுமாகப் போலீஸ் நிலையத்து வாசலிலே வரிசை கட்டும் தோழர்களை எந்தக் கணக்கிலே சேர்ப்பது? மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது, நாக்கு இருக்கிறது. போலீஸ்காரர் எதற்கு?

புளுகு வேறு, கருத்து வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று எங்கோ எடுத்த படங்களைக் காட்டிப் பரப்பினார்கள். திருப்பூரிலே உழைத்துக்கொண்டிருந்த ஏழைகள் மூட்டை கட்டிக்கொண்டு இரயிலடிக்கு ஓடினார்கள். "இந்தக் கூலி போதாது", "அந்தத் தீர்ப்பு தவறு", "அமைச்சர் பேச்சு அபத்தம்" என்பன கருத்து. நடக்காத கொலையை நடந்ததென்பது கருத்தல்ல. பாட்டாளியை வைத்தே பாட்டாளியை விரட்டும் வேலை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பாராமல் பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் தோழர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தேசத் துரோகம் என்ற 124-ஏ பிரிவை 2022-இல் உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 சூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டத்திலே 152-ஆம் பிரிவு அதன் நாற்காலியில் வந்து அமர்ந்துகொண்டது. 'துரோகம்' என்ற சொல் போயிற்று. ஆயுள் சிறை போகவில்லை. ஏனாத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலே இந்தப் பிரிவைத் தமிழிலே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டுகிறோம். படிப்பக மேசையிலே நம் ஏட்டோடு மாற்றுக் கட்சி ஏடும் கிடக்கட்டும். கூட்டத்துக்கு வந்த நெசவாளரும், லாரி ஓட்டுநரும், தேநீர்க் கடைக்காரரும் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நமக்கு ஒவ்வாததாக இருந்தாலும் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.