வர்ணம் கடைசியில் பூசுங்கள்



அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிப் பெரிய புற்றரை இருப்பது சாதாரண விடயம். அதை வெட்ட, ஏறி அமர்ந்து ஓட்டும் இயந்திரங்கள் பாவனையில் உள்ளன. 1961இல் வந்த கப் கடெட், 1963இல் வந்த ஜோன் டியர் 110 போன்ற பழையவற்றை இன்றும் பலர் தேடி வாங்கி வீட்டிலேயே திருத்துகின்றனர். அங்கு வாழும் உறவினர் உங்களுக்கு இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பழைய பொருளை வீசாமல் திருத்திப் பாவிப்பது நல்ல பழக்கம். ஆனால் பலர் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவதில் தொடங்குகின்றனர். அது கடைசி வேலை.

முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். பற்றரியையும் கழற்றுங்கள். பிளேட்டில் கை இருக்கும்போது எஞ்சின் சுற்றினால் விரல் மிஞ்சாது. பிறகு தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை வடியுங்கள். நாட்பட்ட பெற்றோல் பிசின் போலாகிக் காபரேட்டரின் சிறு துவாரங்களை அடைத்துவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். பிரேக்கையும் பெல்ட்டையும் பாருங்கள். பிளேட்டைத் தீட்டிய பின் அதன் நடுத்துவாரத்தை ஓர் ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சிறிது தீட்டுங்கள். வளைந்த பிளேட்டை நிமிர்த்த வேண்டாம், புதிது வாங்குங்கள்.

இனி மிக முக்கியமானது. பிற்கால இயந்திரங்களில் ஆசனத்தின் கீழ் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேட் சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பழையவை பலவற்றில் இது இல்லை. ஓட்டுபவர் தவறி விழுந்தாலும் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு அந்தச் சுவிட்சைப் பொருத்துங்கள். வர்ணத்துக்குச் செலவழிக்கும் காசை முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

பளபளக்கும் வண்டியைக் கண்டால் பிள்ளை மடியில் ஏற அடம்பிடிக்கும். ஒரு சுற்றுக்கேனும் ஏற்றாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதனை ஓட்டக்கூடாது என்றும், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் புல் வெட்டும் வேளையில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி அறிவுறுத்துகிறது. பின்னால் எடுக்கும்போது பிளேட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஓடிவரும் பிள்ளை பெரும்பாலும் பின்னால்தான் நிற்கும்.

பாட்டனாரின் இயந்திரம் பேரனின் கைக்கு வருவது அழகுதான். அதை ஓட்ட அந்தப் பேரனுக்கு இரண்டு கால்களும் இருக்க வேண்டும் அல்லவா?