வெட்டப்படும் காரணங்கள்

இலத்திரனியல் இசையின் இரகசிய நடன இரவுகளைப் படமாக்கும் விவரணத் தொடர்கள் பல, ஆடும் உடல்களையும் வண்ண ஒளியையும் அடுக்கிக் காட்டுகின்றன. அவை மறைவிடம் நாடியதன் காரணத்தையோ வெட்டியெறிகின்றன. 'காமரா உள்ளதையே காட்டுகிறது' என்பது வெறும் மயக்கம்.

இங்கிலாந்தின் காசில்மோர்ட்டன் வெளியில் 1992 மே மாதம் 20,000 பேருக்கு மேல் கூடியதைத் தொலைக்காட்சிச் செய்திகள் பெரிதும் சமூகக் கேடாகவே காட்டின. திரும்பத்திரும்ப ஒலிக்கும் தாள அடிகளையே இலக்கணமாக்கி, திறந்தவெளியில் இரவில் 100 பேர் கூடி அயலாரை வருத்தும் இசை கேட்பின் கலைக்கும் அதிகாரத்தை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் பொலிசாருக்கு வழங்கிற்று. 2003 இல் அவ்வெண்ணிக்கை 20 ஆகக் குறைக்கப்பட்டது.

ஜெரமி டெலரின் 2018 ஆம் ஆண்டு விவரணப்படமோ, அந்நடனத்தை 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தோடு இணைத்து நோக்கிற்று. அதுவே படத்தொகுப்பு. வரலாற்றை வெட்டி ஆட்டத்தை மட்டும் விற்பவன் கலைஞனல்லன், வியாபாரியே.