மூன்று ரீடிங், ஒரே சீசா

கஞ்சா இலையிலிருந்து எடுக்கும் ஆயுர்வேத மருந்தான விஜயா எண்ணெயை வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள், ஆளுக்கொரு மலிவான வீரியச் சோதனைக் கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். சர்க்கரை பார்க்கும் கருவி போல இதுவும் வீட்டுச் சாமான் ஆகிவிடுமாம். எந்த மாடல், என்ன விலை, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி எப்படி வரவழைப்பது என்றெல்லாம் விவரமாகச் சொன்னவர், அந்தக் கருவி எதை அளக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்டது ஆளைக் கீழே தள்ளும். தள்ளியதை நான் பார்த்தேன்.

கட்டுரையை அவர் தொடங்கியதே எங்கள் ஊரை வைத்துத்தான். 2024 மே மாதம் பெங்களூருவை ஒட்டிய ஹெப்பகோடி காவல் எல்லைக்குள் ஒரு பண்ணை வீட்டு விருந்தில் போலீஸ் புகுந்தது. 103 பேரில் 86 பேரின் ரத்தத்தில் போதைப்பொருள் இருந்ததாகச் செய்தி வந்தது. கையில் கருவி இருந்திருந்தால் இத்தனை பேர் மாட்டியிருப்பார்களா என்று கேட்கிறார். ரத்தப் பரிசோதனை பார்ப்பது, பொருள் உடம்புக்குள் போயிற்றா இல்லையா என்பதை. அவர் சொல்லும் கருவி பார்ப்பது, எண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்பதை. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. ஊர் பெயரைக் கெடுத்த ஒரு செய்தியை எடுத்துத் தன் சரக்குக்கு விளம்பரமாக ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் ஹெப்பகோடியில் குடியிருக்கிறேன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு (க்யூ.சி.) பிரிவில் 14 வருடமாக, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மெஷின் ஓட்டுகிறேன். காலை ஷிப்டில் மெஷினைப் போட்டதும் முதல் வேலை, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலை 6 முறை செலுத்திப் பார்ப்பது. ஆறு ரீடிங்குக்கும் இடையே விலகல் 2 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சாம்பிளைத் தொடலாம். தாண்டினால் அன்றைய வேலை நின்றுவிடும். பம்பைப் பார், பிரிப்புக் குழாயைப் பார், கரைசலை மறுபடி தயார் செய். பல லட்ச ரூபாய் மெஷினையே நாங்கள் தினமும் நம்பாமல்தான் தொடங்குகிறோம். கட்டுரையாளரோ பெட்டியைப் பிரித்த நிமிடமே நம்பச் சொல்கிறார்.

அவர் பரிந்துரைக்கும் வகை, எண்ணெய்க்குள் புற ஊதா ஒளியைச் செலுத்தி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பது. இங்கேதான் அவருடைய குளுக்கோமீட்டர் உவமை உடைகிறது. சர்க்கரைப் பட்டையில் இருக்கும் என்சைம் ரத்தத்தில் குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கிறது. இந்தக் கருவியில் அப்படித் தேடிப் பிடிக்கும் எதுவும் இல்லை. கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. இரண்டிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். எடையும் ஒன்றே. புற ஊதா ஒளியை உறிஞ்சும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. பிரிப்புக் குழாயில் ஓடவிட்டு ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிரித்து வெளியே எடுத்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும். பிரிக்காமல் மொத்தமாக ஒளியடித்தால் வருவது கூட்டுத்தொகை. அதிலும் இலையின் பச்சையம் கலந்திருக்கும், எண்ணெயின் சொந்த நிறம் கலந்திருக்கும். தலை சுற்றவைக்கும் எண்ணெய்க்கும் சுற்றவைக்காத எண்ணெய்க்கும் ஒரே எண்ணைக் காட்டக்கூடிய ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நோயாளி எதைத் தீர்மானிப்பது?

இன்னொன்று. செடியில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி. அல்ல, அதன் அமில வடிவம். சூடாக்கினால் கரியமில வாயு பிரிந்து டி.எச்.சி. ஆகும், எடை 0.877 மடங்காகக் குறையும். 20 சதவீத அமிலம் முழுவதும் மாறினால் சுமார் 17.5 சதவீதம். கருவி சொல்லும் எண் மாறுவதற்கு முந்தையதா பிந்தையதா? கட்டுரையில் பதில் இல்லை. கேள்வியே இல்லை.

உரிமம் பெற்ற லேபுகளே தடுமாறுகிற அளவீடு இது. அமெரிக்காவின் கொலராடோவில் 10 கடைகளிலிருந்து 23 கஞ்சா மாதிரிகளை வாங்கி ஆய்வாளர்கள் மறுபடி சோதித்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 70 சதவீத மாதிரிகளில், லேபிளில் போட்டிருந்ததைவிட டி.எச்.சி. 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது.

சட்டத்தைப் பற்றி அவர் எழுதியதை மன்னிக்கவே முடியாது. மாடியில் ஒரு தொட்டி வைத்து, ரீடிங் 0.3-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பயமில்லை என்கிறார். அந்த 0.3 சதவீதம் உத்தராகண்ட் போன்ற மாநிலங்களில் உரிமம் வாங்கி நாருக்காகச் சணல் கஞ்சா பயிரிடும் விவசாயிக்கு. ஹெப்பகோடி மொட்டை மாடிக்கு அல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல். கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனி என்றுதான் சட்டம் சொல்கிறது. வீரியம் இத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. கஞ்சா வைத்திருந்தால் தண்டனையும் எடையைப் பார்த்துத்தான்: 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. கலப்படப் பொருளானாலும் சுத்தமான போதைச் சத்தை மட்டும் பிரித்துக் கணக்கிடக் கூடாது, மொத்த எடையைப் பார்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் கஞ்சா இலையில் செய்யும் பாங்கு 29 கிலோ பிடிபட்ட பெங்களூரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோதும் பேசப்பட்டது அது செடியின் எந்தப் பாகம் என்பதுதான், எவ்வளவு வீரியம் என்பதல்ல. இவர் பேச்சைக் கேட்டு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பையன் தொட்டி வைத்தால், போலீஸ் வரும்போது ரீடிங்கைக் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

எண் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கள்ளச் சரக்கின் ஆபத்து அந்த எண்ணில் இல்லை. 2007-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இளைஞர்கள் வயிற்று வலியும் ரத்தச்சோகையுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். எடை கூட்டுவதற்காகக் கஞ்சாவில் ஈயத்தூள் கலந்திருந்தார்கள். வீரியக் கருவிக்கு ஈயம் தெரியாது. பூச்சி மருந்து தெரியாது. மேலே தெளித்த செயற்கை ரசாயனம் தெரியாது.

எங்கள் கட்டடத்தில் மேல் வீட்டுப் பெரியவருக்கு நரம்பு வலி. தர்மபுரிப் பக்கத்துக்காரர். வைத்தியர் எழுதிக்கொடுத்துத்தான் விஜயா எண்ணெய் எடுத்தார். நாக்கடியில் இத்தனை சொட்டு என்று கணக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் இப்படியொரு கருவி கொண்டுவந்தார். ஒரே சீசாவிலிருந்து மூன்று முறை பார்த்தார்கள். மூன்று எண் வந்தது. அதில் குறைந்ததை நம்பி, மருந்தில் சத்து பத்தவில்லை என்று சொட்டைக் கூட்டினார்கள். அன்று ராத்திரி பாத்ரூம் போகும்போது தலை சுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு தப்பவில்லை. விஷயம் தெரிந்து நான் மாடிக்கு ஓடியபோதும் மகன் அந்த மூன்று ரீடிங்கையும் எழுதிய தாளைத்தான் கையில் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படி எழுதுகிறவர்களைச் சொல்லுவேன்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நோயாளி ஆசைப்படுவது நியாயம். அதைச் சோதிக்கும் செலவு நோயாளியின் தலையில் ஏன் விழ வேண்டும் என்பதைத்தான் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும். மருந்து விதிகளின் நச்சுப் பட்டியலில் பாங்கு இருக்கிறது; மருத்துவ மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய பொருள் அது. 2020-இல் கோரமங்களாவில் இந்த மருந்துகளுக்கென்றே ஒரு கிளினிக் திறக்கும் அளவுக்கு நம் நகரத்தில் சந்தை வந்துவிட்டது. உற்பத்தியாளரிடம் லேப் உண்டு, ஸ்டாண்டர்டு வாங்க அனுமதி பெற வழி உண்டு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம், சி.பி.டி. எத்தனை மில்லிகிராம் என்று சீசாவில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம், 26-ஆவது பிரிவில், வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. ஆனால் அந்த அத்தியாயத்தை ஆயுர்வேத, சித்த மருந்துகளிலிருந்து 33ஏ பிரிவு விலக்கிவைக்கிறது. காய்ச்சல் மாத்திரைக்கு இருக்கும் உரிமை, கஞ்சா எண்ணெய்க்கு இல்லை. இரண்டு பக்கம் எழுத இடம் கிடைத்த ஒருவர் இதைத் தொடாமல் எந்த மாடல் மலிவு என்று எழுதியிருக்கிறார்.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் போன வாரம் சீசாவை என்னிடம் நீட்டினார். "ஏம்மா, நீ இந்த வேலைதானே பார்க்கிறே. எவ்வளவு இருக்குதுன்னு இதுலயே எங்கியாச்சும் போட்டிருக்குதா பாரு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பேட்ச் எண் இருந்தது, தயாரித்த தேதி இருந்தது, விலை இருந்தது, எத்தனை மில்லி என்று இருந்தது. டி.எச்.சி. அளவு இல்லை.