பலகையில் எழுத முடியாத பெயர்

போன மாதம் எங்கள் வங்கியில் ஒரு பயிற்சி வகுப்பு. கடன் வசூல் பற்றிப் பேச வந்த பெரியவர் (ஓய்வு பெற்ற அதிகாரி, மகன் லண்டனில்) நடுவில் லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டார். "உகாண்டாவிலேர்ந்து உடுத்தின துணியோட வெளியே தள்ளினான். போன இடத்துல கடை போட்டு ஒரு ஊரையே தூக்கி நிறுத்திட்டாங்க. இங்க சலுகைக் கடன் கொடுத்துக்கிட்டே இருக்கோம், என்ன ஆச்சு?" 'இங்க' என்று சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்த மாதிரிதான். டீ வந்தது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன கதை முழுப்பொய் இல்லை. 1972 ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தான். ஏறக்குறைய 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் குஜராத்திகள். கடை, வீடு, பாங்குக் கணக்கு எல்லாம் அங்கேயே போயிற்று. லெஸ்டர் நகரசபை என்ன செய்தது தெரியுமா? செப்டம்பரில் 'உகாண்டா ஆர்கஸ்' பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டது. வீடில்லை, பள்ளியில் இடமில்லை, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று. விளம்பரத்தைப் பார்த்துத்தான் அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரிந்தது என்று வந்தவர்கள் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

அவர்கள் கடை விரித்த இடம் பெல்கிரேவ் ரோடு. வெள்ளைக்காரர்கள் புறநகருக்கு நகர்ந்துவிட்ட, மவுசு போன தொழிலாளர் பகுதி. ஊரின் பனியன், காலுறை ஆலைகளும் பூட்ஸ் கம்பெனிகளும் நொடிக்கத் தொடங்கிய காலம். முதலில் சொந்த ஜனத்துக்கு வேண்டிய பருப்பும் வெண்டைக்காயும். வீட்டார் எல்லாரும் முறைபோட்டு நிற்பதால் மற்றவன் அடைத்த நேரத்திலும் கடை திறந்திருந்தது. அடுத்து சேலை, நகை, கல்யாணச் சாமான். அதற்கு வெளியூர்க் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் சாப்பிட வேண்டும், ஓட்டல் வந்தது. ஓட்டலுக்கு மொத்த வியாபாரி, அவனுக்கு வண்டி, கிடங்கு, கணக்குப்பிள்ளை. ஒரு கடைக்கு வந்தவன் பக்கத்துக் கடையையும் வாழவைத்தான். தெருவுக்கு 'கோல்டன் மைல்' என்று பெயரே விழுந்தது. வராதே என்று விளம்பரம் போட்ட நகரமே பின்னாளில் அந்தத் தெருவின் தீபாவளி விளக்குகளைக் காட்டி வெளியூர்க்காரர்களை வாங்க வாங்க என்றது.

இது வரவேற்பில் நடந்த காரியமல்ல. 1974இல் அவ்வூர் இம்பீரியல் டைப்ரைட்டர் ஆலையில் போனஸில் பாரபட்சம் என்று ஆசியத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது தொழிற்சங்கமே அவர்கள் பக்கம் நிற்கவில்லை. மறுவருஷம் ஆலையை மூடிவிட்டார்கள். 1976 நகரசபைத் தேர்தலில் நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட்டுக்குச் சுமார் 18 சதவீத ஓட்டு. ஆலைக்கதவு மூடிய பிறகு கடைக்கதவைத் திறக்காமல் வேறென்ன செய்வது?

ஆனால் 'உடுத்தின துணியோட' என்கிறார்களே, அங்கேதான் மோசடி. காசில்லாமல் வந்தார்கள், சரி. கணக்குத் தெரிந்து வந்தார்கள். சரக்கு எங்கே மலிவு, எவனிடம் தவணை சொல்லலாம் என்கிற சூட்சுமம் கூட வந்தது. லோகாணா, பட்டேல் என்று சாதியும் விமானம் ஏறி வந்தது. சொந்தக்காரன் ஜாமீன் கேட்காமல் கைமாற்று தருவான், மொத்தக்கடைக்காரன் மூணு மாசம் பொறுப்பான். எங்கள் வங்கிப் பேரேட்டில் இதற்கெல்லாம் தலைப்புக் கிடையாது. ஆனாலும் இது மூலதனம்தான், அசல் மூலதனம். சாதி என்கிற அந்தப் பாங்கில் நமக்குக் கணக்குத் திறந்து தர மாட்டார்கள்.

அதே பிரிட்டனுக்கு நம்மவர்களும் போனார்கள். பஞ்சாபின் ரவிதாசிகளும் வால்மீகிகளும் 1950, 60களிலேயே போய் பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் வார்ப்பட ஆலைகளில் வெந்தார்கள். அங்கே சாதிப் பாகுபாடு இருப்பதற்குச் சான்று உண்டென்று பிரிட்டிஷ் அரசே செய்வித்த ஆய்வு 2010 டிசம்பரில் சொன்னது. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் பாராளுமன்றம் பணித்தது. 2018 ஜூலையில் அரசு கைகழுவியது. சேர்க்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றவை இந்து அமைப்புகள். (லெஸ்டர் கதை சொல்பவர்கள் இந்தக் கிளைக்கதைக்கு வருவதே இல்லை.) அந்த ஊர்த் தையல்கூடங்களில் மணிக்கு 3.50 பவுண்டு கூலி என்று 2020 ஜூலையில் பத்திரிகைகள் எழுதின. சட்டக்கூலி 8.72. மாடு மாதிரி உழைத்து முன்னேறினார்கள் என்னும்போது, எந்த மாடு, எவன் கொட்டில் என்றும் கேட்கத்தானே வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் நிறுவனங்களில் தலித்துகளுக்குச் சொந்தமானவை 9.8 சதவீதம். ஜனத்தொகையில் நாம் 16 சதவீதத்துக்கும் மேல். 2016இல் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' என்றார்கள். ஒவ்வொரு வங்கிக்கிளையும் ஒரு தலித் அல்லது பழங்குடிக்கும் ஒரு பெண்ணுக்குமாவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்பது அப்போதைய விதி. குறை சொல்ல மாட்டேன், வந்தது நல்லதுதான். ஆனால் சொந்தப் பணமாக 25 சதவீதம் போடு என்றார்கள், 2021இல்தான் 15 ஆக்கினார்கள். கைமாற்றுத் தர ஆளில்லாதவன் அந்தப் பதினைந்தை எங்கே புரட்டுவான்?

புரட்டினான் ஒருத்தன். காலனிப் பையன், கேட்டரிங் படித்தவன், கடைத்தெருவில் பிரியாணி ஓட்டல் வைக்கக் கடன் கேட்டு வந்தான். அம்மாவின் தோடு, அக்கா வீட்டுக்காரரின் பி.எஃப். என்று சேர்த்திருந்தான். கட்டிடக்காரர் அட்வான்ஸ் வாங்கச் சம்மதித்தவர், "தம்பி எந்தத் தெரு?" என்று கேட்டபிறகு, "மச்சான் கேட்டிருக்கான்பா" என்றுவிட்டார். இரண்டாவது கட்டிடம். அங்கேயும் ஒரு மச்சான். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் கடன் மனு நகராது.

நேஷனல் ஃப்ரண்ட்டுக்கு ஓட்டுப் போட்டவன்கூட ராத்திரி பால் தீர்ந்தால் பட்டேல் கடைக்குத்தான் போயிருப்பான். அவர்கள் சோற்றைத் தின்ன வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டான். இங்கே நம் கை பட்ட சோற்றைக் காசு கொடுத்து வாங்கித் தின்ன எத்தனை சாதி இந்து தயார்? பெல்கிரேவ் ரோட்டில் தன் பெயரையும் தன் சாமி பெயரையும் பலகையில் தைரியமாக எழுதினான், அந்தப் பெயரே கூட்டம் சேர்த்தது. நம்மாள் கல்லாவுக்கு மேலே அம்பேத்கர் படத்தை மாட்டட்டும், மறுநாள் அடுப்புக்கு வேலையிருக்காது. காலி பண்ணிவிட்டுப் போன தெரு அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு எந்தத் தெருவைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள்?

பையனுக்கு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, வெளியூர்க்காரர் ஒருவரின் கட்டிடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் மனுவோடு வந்தான். எல்லாம் சரியாக எழுதியிருந்தான், 'நிறுவனத்தின் பெயர்' என்ற இடம் மட்டும் காலி. கேட்டேன்.

"நீங்க கவிதையெல்லாம் எழுதுறவருண்ணே. நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க. நாம யாருன்னு தெரியாத பேரா."

இரண்டு நாள் டைம் கேட்டேன். மனு என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.