அடுப்பை அணைக்கச் சொல்பவர்களுக்கு

சென்னையை அடுத்த நாவலூரிலும் சிறுசேரியிலும் வேலை முடித்து எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்களால் சமைக்க முடியாது, செயலியில் ஆர்டர் செய்வதே விவேகம் என்ற வாதம் கணக்கிலேயே தவறுகிறது. ஆர்டர் செய்த சாப்பாடும் பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அதற்குள் அரிசி உப்புமா தயாராகிவிடும்: கடுகு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பங்கு அரிசி ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு, ஒரு கை துவரம்பருப்பும் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துக் குக்கரை மூடினால் போதும். காய் நறுக்கும் வேலைகூட இல்லை. தோசைக்கு மாவு அரைக்க ஏது நேரம் என்பார்கள். தெருமுனைக் கடையிலேயே மாவு கிடைக்கிறது. புளித்துப்போனால் வெங்காயம் தூவி ஊத்தப்பம் வார்க்கலாம்.

களைப்பு உண்மைதானே என்ற மறுப்பை மட்டும் நான் தள்ளமாட்டேன். ஆனால் யாருடைய களைப்பு? 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் அடுப்படிக்குப் போவதுதான் சிக்கல். ஆர்டர் செய்த பொட்டலம் அதை மறைக்கும், தீர்க்காது. ஒருவர் தாளிக்கும்போது மற்றவர் தேங்காய் துருவினால் சட்னியும் சேர்ந்தே முடிந்துவிடும்.