காகிதம் தேறினால் போதுமா?

என் தந்தையார் விட்டுச்சென்ற 1995-ஆம் ஆண்டு மாருதிக் கார், புதுவையில் புகைச் சோதனையில் தேறவில்லை. "பதிவு எண்ணைச் சொன்னால் போதும் பாய், சோதிக்காமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்றார் ஒருவர். காகிதம் கிடைக்கும், புகை குறையுமா?

இத்தகைய பழைய பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது. நிறமும் மணமுமற்ற நஞ்சு அது. மெக்கானிக், அடைபட்ட காற்று வடிகட்டியை மாற்றி, பிளக்குகளைத் துப்புரவாக்கி, கார்புரேட்டரில் மிகுதியாய்க் கலந்த பெட்ரோலைக் குறைத்தார். எஞ்சின் நன்கு சூடேறியபின் மீண்டும் சோதித்தோம், தேறியது. 6 மாதங்களுக்கொரு முறை இச்சோதனை அவசியம்.

முல்லா வீதியில் வாசற்படியில் விளையாடும் குழந்தை நம் புகையைத்தான் சுவாசிக்கிறது. அக்குழந்தைக்காகவேனும் பொய்ச் சான்றிதழைத் தவிர்ப்போமாக!