கடல் கடந்தும் காணாத கண்கள்



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து எங்கள் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தோம். கத்தார் நாட்டின் தலைநகர் தோஹாவில் 27 ஆண்டுகள் உழைத்துவிட்டு, இனித் திரும்பிச் செல்வதில்லை என்று ஊர் வந்து சேர்ந்த பெரியவர் ஒருவர் என் அருகில் இருந்தார். பத்து வயதுப் பேரன் அவர் மடியில் சாய்ந்துகொண்டு, அந்த நாடு எப்படி இருக்கும் என்று கேட்டான். பெரியவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "என்ன சொல்வது? அறை, கம்பெனி, பள்ளிவாசல், மறுபடியும் அறை" என்றார்.

பையன் ஏமாந்து போனான். நான் விடவில்லை. "கடற்கரையோரம் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்களே?" என்று கேட்டேன். "பஸ்ஸில் போகும்போது தினமும் பார்த்திருக்கிறேன் ஹஜ்ரத். உள்ளே போனதில்லை. நேரம் ஏது?" என்றார். வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்றேன். "ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து துணி துவைப்போம், சமைப்போம், தூங்குவோம்" என்றார்.

நான் மனத்திற்குள் கணக்கிட்டுப் பார்த்தேன். 27 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,400 வெள்ளிக்கிழமைகள். விடுமுறையில் ஊரில் கழித்தவற்றை நீக்கினாலும் ஆயிரத்திற்குக் குறையாது. அந்த ஆயிரத்தில் ஒன்றேனும் அந்த வாசலுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

அவர்மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று தங்கைகளுக்கு மணம் முடித்தவர் அவர்; பெற்றோரைக் கடைசி வரை காத்தவர். வெயிலில் காய்ந்து அனுப்பிய பணத்தில்தான் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்தது. அந்த உழைப்புக்கு இறைவனிடம் நற்கூலி உண்டு. ஆயினும் அவர் சொன்ன "நேரம் ஏது" என்னும் சொல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில் அது அவர் ஒருவருடைய சொல் அன்று. நம் வீடுகளில் ஏறக்குறைய எல்லோருடைய சொல்லும் அதுவே.

அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அதை வடிவமைத்தவர் ஐ. எம். பெய் என்னும் கட்டடக் கலைஞர். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், முஸ்லிம் அல்லர். அந்தப் பணி அவரிடம் வந்தபோது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். உலகப் புகழ் பெற்ற அம்முதியவர், "எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடவில்லை. இஸ்லாமியக் கட்டடக் கலையின் உட்பொருளைத் தேடி நாடு நாடாகப் புறப்பட்டார். ஸ்பெயினின் குர்துபா, நம் நாட்டின் பதேபூர் சிக்ரி, டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசல், துனீசியாவின் பழங்கோட்டைகள் எனப் பலவற்றையும் கண்டார். இறுதியில் கெய்ரோ நகரின் இப்னு துலூன் பள்ளிவாசலில், ஒளு செய்வதற்கென 13-ஆம் நூற்றாண்டில் முற்றத்தில் எழுப்பப்பட்ட எளிய மண்டபத்தின் முன் நின்றார். தாம் தேடியது இதுவே என்று உணர்ந்தார். அந்த எளிமையிலிருந்து பிறந்ததுதான் 2008-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம். அப்போது அவருக்கு வயது 91.

நம் ஹவுளின் அழகை அறிந்துகொள்ளப் பிற சமயத்து முதியவர் ஒருவர் உலகைச் சுற்றி வந்தார். நாமோ அதே கட்டடத்தைப் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்து போனோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ளது. அந்தப் பெரியவரின் முன்னோர் முத்துக்குளிப்பில் ஈடுபட்டவர்கள். அவர் வாழ்ந்த கத்தாரும், எண்ணெய் கிடைப்பதற்கு முன்பு, முத்தை நம்பியே பிழைத்த நாடு. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்கள் சந்தைக்கு வந்தபின் அத்தொழில் நலிந்து, அக்கரையோர மக்கள் வறுமையில் வாடினார்கள். தோஹாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், முத்து வணிகத்தால் செழித்துப் பின்னர் பாழடைந்த சுபாரா என்னும் பழைய நகரம் இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. முத்துக் குளித்தவரின் பேரர் ஒருவர், முத்துக் குளித்தவர்களின் பேரர்களிடையே 27 ஆண்டுகள் வாழ்ந்தார். இரு தரப்பாரும் தங்கள் உறவை அறியாமலேயே பிரிந்தார்கள். இந்த இழப்பை எந்த நாணயத்தில் கணக்கிடுவது?

பூமியில் பயணம் செய்யுங்கள், பாருங்கள் என்று திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் நம்மை ஏவுகிறது. படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று காணவும், நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று உணரவும் அது நம்மை அழைக்கிறது. நடப்பதோடு நின்றுவிடாமல், பார்க்க வேண்டும் என்பதே அக்கட்டளையின் உயிர். மனிதர்களைப் பல சமூகத்தினராகவும் கோத்திரத்தினராகவும் ஆக்கியதன் நோக்கம், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்றும் இறைவன் அறிவிக்கிறான். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காதவன் யாரை அறிந்துகொள்ள முடியும்?

நம் மார்க்கம் பயணிக்கு அளித்திருக்கும் சலுகைகளைப் பாருங்கள். நான்கு ரக்அத் தொழுகை அவனுக்கு இரண்டாகச் சுருங்குகிறது. ரமளான் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்க அவனுக்கு அனுமதி உண்டு. ஊரில் இருப்பவன் காலுறைமீது ஒரு நாள் மஸஹு செய்யலாம் என்றால், பயணிக்கு மூன்று நாட்கள். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கனும் ஒருவன். தன் அடியார்கள் என்றும் ஓரிடத்திலேயே முடங்கிக் கிடப்பார்கள் என்றிருந்தால், இத்தனை ஏற்பாடுகள் எதற்காக?

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். மக்களில் மிக அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் "நானே" என்றார்கள். தம்மினும் அறிந்த அடியார் ஒருவர் இரு கடல்கள் சங்கமிக்கும் இடத்தில் இருக்கிறார் என்று இறைவன் உணர்த்தினான். உடனே அந்த மாபெரும் நபி, மீனைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு மாணவரைப்போல் புறப்பட்டார்கள். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள், தாம் நேரில் கேட்டிராத ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசத்தை அடைந்தார்கள். ஒரே ஒரு செய்திக்காக ஒரு மாதம்!

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் அவர்களோ, வாழ்நாள் முழுவதும் பயணியாகவே இருந்தார்கள். ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்று, யமன், பக்தாத் ஆகியவற்றைக் கடந்து எகிப்தை அடைந்து, ஹிஜ்ரி 204-இல் அங்கேயே மறைந்தார்கள். இராக்கில் அவர்கள் அளித்த தீர்ப்புகள் பழைய சொல் என்றும், எகிப்தில் அளித்தவை புதிய சொல் என்றும் நம் கிதாபுகளில் பிரித்துக் கூறப்படுகின்றன. புதிய ஊரில் புதிய சான்றுகளையும் புதிய அறிஞர்களையும் சந்தித்த அப்பேரறிஞர், தம் முந்தைய கருத்துகளில் பலவற்றைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய இமாமுக்கே பயணம் பாடம் கற்பித்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

என் சொந்த அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதன்முறை ஹஜ்ஜுக்குச் சென்றபோது எனக்கு வயது 31. ஹரம் ஷரீபில் ஒரு மஃரிப் வேளை. என் அருகில் நின்ற மேற்கு ஆப்பிரிக்கச் சகோதரர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டபடி தொழுதார். மாலிக்கி மத்ஹபில் அவ்வாறு தொழுவோர் உண்டு என்பதை மதரஸாவில் ஓதியிருந்தேன். மாணவர்களுக்கு ஓதியும் கொடுத்திருந்தேன். ஆயினும் கண்ணால் கண்டபோது என் உள்ளம் சுருங்கிற்று. இவர் தொழுகை என்ன தொழுகையோ என்று நினைத்துவிட்டேன். ஸலாம் கொடுத்தபின் அவர் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்து, தம்மிடமிருந்த பேரீச்சம் பழங்களில் பாதியை என் கையில் வைத்தார். பிறகு மெல்லக் குர்ஆன் ஓதத் தொடங்கினார். கண்ணீர் அவர் தாடியை நனைத்தது. அன்று நான் வெட்கினேன். பல ஆண்டுகள் கிதாபில் படித்தும் என் நெஞ்சில் இறங்காத ஒன்றை, ஒரு கைப்பிடிப் பேரீச்சம் பழம் இறக்கிவிட்டது. அன்றிலிருந்து கருத்து வேறுபாடு பற்றி மிம்பரில் பேசும்போது என் குரல் தணிந்துவிட்டது. ஊரிலேயே இருந்திருந்தால் அது தணிந்திருக்குமா என்பது ஐயமே.

கண்டதைச் சொல்லி வைப்பதும் பயணியின் கடமை. மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து 1325-இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டவர் இப்னு பதூதா. மாலத்தீவில் காழியாக இருந்து, இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி, 1344-இல் நம் தமிழகக் கரையை அடைந்து மதுரையையும் கண்டார். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சில வழக்கங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. எனினும் அந்நாட்டு மக்களின் நீதியையும், அச்சமின்றி நடமாடும் பாதைகளையும், பிள்ளைகளைக் குர்ஆன் மனனம் செய்விப்பதில் அவர்களுக்கிருந்த ஆர்வத்தையும் மனமாரப் பாராட்டினார். பிடிக்காததையும் பாராட்டத்தக்கதையும் சேர்த்தே சொன்ன அந்த நேர்மையால்தான், அவர் சொல்ல எழுதப்பட்டு 1355-இல் நிறைவுற்ற நூல் இன்றும் உலகத்தாருக்குச் சான்றாக நிற்கிறது.

சீனா சென்றேனும் கல்வியைத் தேடுமாறு கூறும் ஹதீஸ் ஒன்று மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் கருத்து. அதை நாம் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. பயணத்தின் மறுபக்கத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. ஊணையும் உறக்கத்தையும் கெடுக்கும் வேதனை அதில் உண்டு என்றும், வந்த காரியம் முடிந்ததும் விரைவாக வீடு திரும்ப வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். ஆகவே கடன் வாங்கி ஊர் சுற்றுவதையோ, மனைவி மக்களின் உணவைச் சுருக்கி உல்லாசம் தேடுவதையோ, தொழுகையைக் கைவிட்டுக் கேளிக்கையில் மூழ்குவதையோ நான் சொல்லவில்லை. பெருமைக்காகச் செல்லும் பயணத்தில் கால்தான் நடக்கும், கண் திறக்காது.

நான் கேட்பது மிகச் சிறியது. அயல்நாட்டில் உழைக்கும் இளைஞரே! மாதத்தில் ஒரே ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். ஜும்ஆவுக்குப்பின் அந்த மண்ணின் ஒரு கோட்டையை, ஒரு பழம்பள்ளியை, ஒரு மீன்பிடித் துறையைப் போய்ப் பாருங்கள். வேற்று நாட்டார் ஒருவரோடு ஒரே தட்டில் உண்ணுங்கள். அவர் மொழியில் பத்துச் சொற்கள் கற்றுக்கொள்ளுங்கள். வாரந்தோறும் வீட்டுக்குப் பேசும்போது சம்பளக் கணக்கோடு, கண்ட காட்சி ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உம்ராவுக்குச் செல்லும் பெரியோரே! கடைவீதியில் கழியும் நேரத்தில் பாதியை, அருகில் அமர்ந்திருக்கும் இந்தோனேசியரிடமோ துருக்கியரிடமோ ஸலாம் கூறிப் பழகுவதற்குக் கொடுங்கள். வசதி படைத்த குடும்பத்தாரே! வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுப்பங்கரையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த தாய்க்கும் கண்கள் உண்டு. அவற்றையும் படைத்தவன் அவனே. ஹஜ் கடமையாகிவிட்டவர்களே! மூட்டு தேயும் வரை அதை ஒத்திப்போடாதீர்கள்.

உடல் நலமும் ஓய்வும், மனிதர்களில் பலர் பயன்படுத்தாமல் இழந்துவிடும் இரு அருட்கொடைகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நேரம் தானாக வந்து நம் கதவைத் தட்டாது. தொழுகைக்கு நேரம் ஒதுக்குவதைப்போல், இறைவனின் பூமியைக் காண்பதற்கும் நாமேதான் நேரம் ஒதுக்க வேண்டும்.

அன்று திண்ணையிலிருந்து எழுந்தபோது அந்தப் பெரியவர் மெல்லச் சொன்னார்: "என் மகன் இப்போது அங்கேதான் இருக்கிறான் ஹஜ்ரத். இந்த வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்திற்குள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். பேரனுக்கு அவனாவது பதில் சொல்லட்டும்."

சென்ற இடமெல்லாம் தன் அத்தாட்சிகளைக் காணும் கண்களையும், கண்டு திருந்தும் உள்ளத்தையும், நலமாக வீடு திரும்பும் பேற்றையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.